விபத்துக்குப் பிறகு மீண்டும் டிரையத்லான்: எதை முதலில், எதைக் கடைசியில்

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் அடுத்தடுத்து வரும் டிரையத்லானுக்குப் பழகுபவர் சைக்கிளிலிருந்து விழுந்து எலும்பு முறிந்தால், அவருக்கு முதலில் திரும்பி வருவது மூச்சு. வீட்டுக்குள் சைக்கிளை நிறுத்தி மிதிக்க உதவும் தாங்கியான டிரெய்னரில் சில வாரம் ஒழுங்காக மிதித்தாலே இதயமும் நுரையீரலும் பழைய நிலையை நோக்கி நகர ஆரம்பித்துவிடும். எலும்புக்கு அந்த அவசரம் கிடையாது. வாரக்கணக்கில் அசையாமல் கிடந்த தசைநாண்களுக்கு இன்னும் கிடையாது. ஈரச் சாலையில் வளைவெடுக்கும் துணிச்சல் எல்லாவற்றுக்கும் பின்னால் வரும். மூச்சு தாங்குகிறதே என்று தோள் தாங்காத வேலையைக் கொடுக்கும்போதுதான் இரண்டாவது காயம் வருகிறது.

அதனால் போட்டித் தேதியை வைத்துப் பின்னோக்கி வாரங்களை எண்ணும் வழக்கமான முறை இங்கே உதவாது. எது மிக மெதுவாகத் தேறுகிறதோ அதை வைத்துத்தான் அட்டவணை போட வேண்டும். கீழே உள்ள வாரக் கணக்குகள் சிக்கல் இல்லாமல் ஆறும் காயங்களுக்குப் பொதுவானவை. உங்கள் எக்ஸ்ரேயைப் பார்த்த மருத்துவர் வேறு கணக்குச் சொன்னால் அவர் கணக்கே சரி.

மூன்று அனுமதிகளைத் தனித்தனியாகக் கேளுங்கள்

"சைக்கிள் ஓட்டலாம்" என்று மருத்துவர் சொல்லும்போது அவர் மனதில் இருப்பது பெரும்பாலும் வீட்டுக்குள் நிற்கும் சைக்கிள். கேட்பவர் மனதில் இருப்பது 90 கிலோமீட்டர். இந்தக் குழப்பம் வராமலிருக்க மூன்று கேள்விகளைப் பிரித்துக் கேட்க வேண்டும். ஒன்று, அசைவு: கையை எந்த உயரம் வரை தூக்கலாம், காலை எவ்வளவு மடக்கலாம். இரண்டு, பளு: அந்தக் கை அல்லது கால் வழியாக எவ்வளவு எடை இறங்கலாம். மூன்று, விழுதல்: இன்று மறுபடி அதே பக்கம் விழுந்தால் அந்த எலும்பு என்ன ஆகும்.

மூன்றாவதைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. சாலைச் சவாரிக்கும், கூட்டத்தோடு நீந்துவதற்கும், போட்டிக்கும் தேவைப்படுவது அந்த அனுமதிதான். கழுத்தடியிலிருந்து தோள் வரை போகும் காறை எலும்பு ஆறேழு வாரத்தில் வலியில்லாமல் இருக்கும். ஆனால் மீண்டும் விழுந்தால் உடையாத அளவுக்கு இறுக மூன்று, நான்கு மாதம் ஆகலாம். இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் டிரெய்னர் உண்டு, நீச்சல் குளம் உண்டு, போட்டி கிடையாது.

அதே சந்திப்பில் இன்னும் இரண்டைக் கேட்டுவிடுங்கள். கையை ஊன்றி விழுந்து, கட்டைவிரலின் அடியில் உள்ள குழியில் அழுத்தினால் வலிக்கிறது என்றால், முதல் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை என்பதற்காக விட்டுவிடக் கூடாது. மணிக்கட்டின் ஸ்கேஃபாய்டு எலும்பு முறிவு முதல் படத்தில் தெரியாமல் போவது சாதாரணம். பத்துப் பதினான்கு நாள் கழித்து மறுபடி எக்ஸ்ரே எடுப்பார்கள், அல்லது எம்ஆர்ஐ பார்ப்பார்கள். அந்த எலும்புக்கு இரத்த ஓட்டம் குறைவு. தவறவிட்டால் கூடாமலே போகும், பிறகு ஹேண்டில்பாரைப் பிடிப்பதே சிரமமாகிவிடும். இரண்டாவது, மெதுவாக விழுந்தும் பெரிய எலும்பு உடைந்திருந்தால் எலும்படர்த்தி சோதனை தேவையா என்று கேளுங்கள். வருடக்கணக்கில் சைக்கிள் மட்டும் அதிகம் ஓட்டியவர்களுக்கு, அதுவும் சாப்பாட்டைக் குறைத்து எடையைப் பிடித்து வைத்திருப்பவர்களுக்கு, எலும்படர்த்தி குறைந்திருப்பது அரிதல்ல.

தலையில் அடிபட்டிருந்தால்

ஓயாத வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, ஒரு கண்மணி மட்டும் விரிதல், கைகால் பலவீனம், எழுப்பினால் எழாத தூக்கம், வலிப்பு: இவற்றில் எது இருந்தாலும் நேராக அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். அவை இல்லாத மூளை அதிர்ச்சிக்கு இருட்டறையில் வாரக்கணக்கில் படுக்கும் பழைய ஆலோசனை இப்போது கிடையாது. 2022இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய விளையாட்டு மூளை அதிர்ச்சி நிபுணர்களின் ஒருமித்த அறிக்கை சொல்வது இது: முதல் 24 முதல் 48 மணி நேரம் ஓய்வு, ஆனால் நடமாட்டத்தோடு கூடிய ஓய்வு. திரையைக் குறைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு படிப்படியாக உடற்பயிற்சி, ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள்.

டிரையத்லான் ஆளுக்கு அந்தப் படிகள் இப்படி அமையும். முதலில் நடை. அடுத்து டிரெய்னரில் 15, 20 நிமிடம், உச்ச இதயத்துடிப்பில் சுமார் 55 சதவீதம் வரை. பிறகு 70 சதவீதம் வரை. அதன் பின் சமதளத்தில் தனி ஓட்டம். பயிற்சியின்போது தலைவலியோ மந்தமோ பத்துக்கு இரண்டு புள்ளிக்கு மேல் கூடினால் அன்றைக்கு நிறுத்த வேண்டும். இரண்டு வரை கூடி ஒரு மணி நேரத்துக்குள் தணிந்தால் தொடரலாம்.

சாலையில் சைக்கிள் என்பது தலையில் மறுபடி அடிபடக்கூடிய வேலை. எனவே அறிகுறிகள் முழுதும் மறைந்து, மருத்துவர் அனுமதி கொடுத்த பிறகுதான். நீச்சலையும் இந்த வரிசையில் பின்னால் தள்ளுங்கள். தலையைத் திருப்பித் திருப்பி மூச்சு வாங்குவது கிறுகிறுப்பைக் கிளப்பும், தண்ணீரில் கிறுகிறுப்பு வந்தால் பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது. முதல் சில நீச்சலுக்கு ஆழம் குறைந்த பக்கமும், கரையில் ஒருவரும் தேவை. ஒரு மாதம் கழிந்தும் அறிகுறி இருந்தால் கழுத்தையும் காதின் சமநிலை உறுப்பையும் பார்க்கச் சொல்லுங்கள். மூளையிலிருந்து வருவதாக நினைக்கும் தலைவலி பல நேரம் கழுத்திலிருந்து வரும்.

காறை எலும்பும் தோளும்

சைக்கிள் விபத்தில் அடிக்கடி உடைவது இதுதான். பெரும்பாலும் நடுப்பகுதியில் உடையும். அறுவை செய்து உலோக பிளேட் வைத்திருந்தால் முன்னதாகவே கையை அசைக்கலாம், வைக்காவிட்டால் கையைக் கழுத்திலிருந்து தொங்கவிடும் ஸ்லிங்கோடு காத்திருக்க வேண்டும். ஆனால் பிளேட் எலும்பை ஆற்றாது, ஆறும்வரை பிடித்து வைக்கும். ஆறும் வேகம் ஏறத்தாழ அதேதான். வலி சீக்கிரம் போய்விடுவதால் பிளேட் வைத்தவர்கள்தான் அதிகம் அவசரப்படுகிறார்கள்.

டிரெய்னரில் முதல் சவாரிகளை நேராக நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்ட வேண்டும். காயப்பட்ட கை ஸ்லிங்கிலேயே இருக்கட்டும். பின்சக்கரம் அசையாதபடி டிரெய்னர் உறுதியாக நிற்க வேண்டும். ஏறவும் இறங்கவும் பக்கத்தில் ஒரு முக்காலி இருந்தால் நல்லது. 20 முதல் 30 நிமிடம், பத்துக்கு மூன்று என்ற உழைப்பு போதும். அறுவை செய்திருந்தால் தையல் பிரித்துக் காயம் மூடும்வரை வியர்வை அங்கே இறங்கக் கூடாது. பெரிய விசிறி ஒன்றை எதிரே வையுங்கள், சவாரி முடிந்ததும் காயக்கட்டை மாற்றுங்கள். ஹேண்டில்பாரில் எடை வைப்பது பளுவுக்கான அனுமதி வந்த பிறகு.

முன்னால் குனிந்து முழங்கைகளை ஊன்றி ஓட்ட உதவும் ஏரோபாருக்குத் திரும்புவதில் பலர் ஏமாறுகிறார்கள். கையை நீட்டி, பிரேக் பிடியின் மேலுறையான ஹூட்டைப் பிடிக்கும்போது முழங்கையும் மணிக்கட்டும் அதிர்வை உள்வாங்கும். ஏரோபாரில் முழங்கை திண்டின்மீது ஊன்றியிருப்பதால் உடலின் முன்பாரம் மேற்கை வழியாக நேரே தோளுக்கு ஏறும். எனவே திண்டுகளை 20 முதல் 30 மில்லிமீட்டர் உயர்த்தி ஆரம்பியுங்கள். பழைய அளவை ஒரு ஒட்டுநாடாவில் எழுதிச் சட்டத்தில் ஒட்டி வைத்தால் திரும்பக் கொண்டுவருவது சுலபம். டிரெய்னரில் ஒரு நிமிடம் ஏரோவில், நான்கு நிமிடம் நிமிர்ந்து, இப்படி ஐந்து தடவை. மறுநாள் காலை தோள் அமைதியாக இருந்தால் ஏரோ நேரத்தை ஒவ்வொரு சவாரிக்கும் ஒரு நிமிடம் கூட்டுங்கள். தொடர்ந்து 30 நிமிடம் தாங்கிய பிறகு திண்டை உயர்த்த வைத்த ஸ்பேசர்களை ஒவ்வொன்றாக எடுக்கலாம்.

நீச்சல் தனிக் கதை. காயம் மூடி, குளத்தில் இறங்க அனுமதி கிடைத்ததும், கால்களை மட்டும் அடித்து நீந்தும் காலடிப் பயிற்சியை ஆரம்பிக்கலாம். இரு கைகளும் உடலோடு ஒட்டியிருக்க, முகத்துக்கு முன் வரும் மூச்சுக்குழலான ஸ்நோர்கலோடு 200 முதல் 400 மீட்டர். கையில் பிடிக்கும் மிதவைப் பலகையான கிக்போர்டு வேண்டாம், அது கையை முன்னால் நீட்ட வைத்துத் தோளை மேலே தள்ளும். குளத்தில் தோளைக் கெடுப்பது பெரும்பாலும் நீச்சலைவிட அதைச் சுற்றியுள்ள அசைவுகள்தான். விளிம்பில் கைகளை ஊன்றி மேலே எழும்புவது, சுவரை உதைத்துவிட்டுக் கைகளைத் தலைக்கு மேல் இறுக்கிக் கோப்பது, குளத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குவது மூன்றையும் விட்டுவிடுங்கள். ஏணியில் ஏறுங்கள். சுவரை நல்ல கையால் தொட்டுத் திரும்புங்கள்.

கைவீச்சுக்கு எலும்பு கூடிவிட்டது என்ற உறுதி வேண்டும். அது பொதுவாக எட்டு முதல் பன்னிரண்டு வாரத்தில் கிடைக்கும். அதோடு ஒரு சோதனை: தரையில் மல்லாந்து படுத்து, கீழ்முதுகு தரையிலிருந்து எழும்பாமல், இரு கைகளையும் காதோரம் நீட்டுங்கள். இரு கட்டைவிரல்களும் ஒரே மாதிரி தரையைத் தொட வேண்டும். ஒன்று மேலே நின்றால் அந்தக் குறையைத் தண்ணீரில் உங்கள் முதுகோ கழுத்தோ ஈடு செய்யும். அப்போது தேவை நீச்சல் அல்ல, பிசியோதெரபிஸ்ட். தோள் பலகையைப் பிடித்து நிறுத்தும் தசைகளுக்குச் சுவரில் கை வழுக்கும் பயிற்சியும், ரப்பர் பட்டையால் முன்கையை வெளிப்பக்கம் திருப்பும் பயிற்சியும், 15 முறை வீதம் மூன்று சுற்று, வாரம் நான்கு நாள். இதைப் போட்டி முடிந்தும் விடாதீர்கள்.

முதல் கைவீச்சு நாளில் 25 மீட்டர் நீச்சல், 25 மீட்டர் வெறும் காலடி என்று மாறி மாறி எட்டுத் தடவை. மொத்தம் 400 மீட்டர். ஒரு நாள் விட்டு ஒரு நாள். மறுநாள் காலை வலி பத்துக்கு இரண்டைத் தாண்டாவிட்டால் அடுத்த தடவை 200 மீட்டர் கூட்டலாம். தாண்டினால் முந்தைய அளவுக்கு இறங்குங்கள். ஆரம்பத்தில் காயப்பட்ட பக்கமே திரும்பி மூச்சு வாங்குங்கள். மறுபக்கம் திரும்பினால், மூச்சு வாங்கும் அந்தக் கணத்தில் முன்னால் நீண்டிருக்கும் காயப்பட்ட கை உடலைத் தாங்கத் தண்ணீரைக் கீழ்நோக்கி அழுத்தும். அந்த அழுத்தம்தான் தோளை நோகடிக்கிறது. உள்ளங்கையில் மாட்டும் கைத்துடுப்புகளை 2000 மீட்டர் வலியின்றி நீந்தும்வரை தொடாதீர்கள். தொடைகளுக்கு இடையே வைக்கும் மிதவையும் (pull buoy) அப்படித்தான். கால் வேலையை நிறுத்திவிட்டு முழுச் சுமையையும் கைக்குக் கொடுக்கும்.

பிளேட்டை எடுக்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எடுத்த பிறகு ஸ்க்ரூ இருந்த துளைகள் நிரம்பும்வரை எலும்பு அந்த இடங்களில் பலவீனமாக இருக்கும். அதற்கும் ஒரு விழாத காலம் தேவை. பருவம் முடிந்ததும் எடுப்பது புத்திசாலித்தனம், நடுவில் எடுப்பது வீண் வேலை.

மற்ற காயங்கள், சுருக்கமாக

சிராய்ப்புகளில் மண் துகள் தங்காமல் கழுவி, ஈரம் காக்கும் கட்டுப் போட்டால் பொருக்கு வெடிக்காமல் ஆறும். திறந்த புண்ணோடு குளமோ ஏரியோ வேண்டாம். புதுத் தோலுக்கு வெயில் ஆகாது, சில மாதங்களுக்குத் துணியாலோ சன்ஸ்கிரீனாலோ மூடுங்கள்.

விலா எலும்புக்குச் சுமார் ஆறு வாரம். வலிக்குப் பயந்து மேலோட்டமாக மூச்சு விட்டால் சளி தேங்கி நிமோனியா வரலாம். மணிக்கொரு முறை பத்து ஆழ்ந்த மூச்சு எடுங்கள். ஓட்டத்தின் குலுக்கலையும் நீச்சலின் திருகலையும்விட டிரெய்னர்தான் இதற்கு முன்னதாக ஒத்துக்கொள்ளும்.

இடுப்போ தொடை எலும்பின் கழுத்தோ உடைந்திருந்தால் காலில் எடை வைப்பதை அறுவை மருத்துவர் மட்டுமே தீர்மானிக்க வேண்டும். ஓடத் தொடங்குமுன் மூன்று வாசல்கள்: 30 நிமிடம் நொண்டாமல் வேக நடை, ஒற்றைக் காலில் 20 தடவை குதிகால் உயர்த்துதல், ஒற்றைக் காலில் பத்துத் தடவை பாதி உட்கார்ந்து எழுதல். இரண்டு காலும் ஒன்றுபோல் செய்ய வேண்டும். பிறகு ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, எட்டு சுற்று. வாரம் மூன்று நாள், இடையில் ஒரு நாள் இடைவெளி. தொடையிடுக்கில் ஆழமான வலி வந்தால் அன்றே நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள்.

சைக்கிளையும் மருத்துவரிடம் காட்டுங்கள்

வெளியே ஒன்றும் தெரியாவிட்டாலும் அடி வாங்கிய ஹெல்மெட்டின் உள் நுரை நசுங்கியிருக்கலாம். அது ஒரு அடிக்குத்தான் செய்யப்பட்டது. சந்தேகமே வேண்டாம், புதிது வாங்குங்கள்.

சைக்கிளை முதலில் நன்றாகக் கழுவித் துடையுங்கள். அழுக்கில் விரிசல் தெரியாது. கார்பன் சட்டத்தில் பார்க்க வேண்டிய இடங்கள்: தலைக்குழாயும் கீழ்க்குழாயும் சேரும் இடம், பெடல் கைகளின் அச்சு பொருந்தும் பாட்டம் பிராக்கெட்டைச் சுற்றி, பின்பக்க மெல்லிய குழாய்கள், ஹேண்டில்பார் சுழன்று இடித்திருக்கக்கூடிய மேல்குழாய். டார்ச்சைச் சாய்வாகப் பிடித்தால் மேல்பூச்சின் கீறலுக்கும் விரிசலுக்கும் வேறுபாடு தெரியும். நாணயத்தால் தட்டிக்கொண்டே போனால் சத்தம் திடீரென மந்தமாகும் இடம் சந்தேகத்துக்குரியது. தட்டிப் பார்ப்பது சந்தேகத்தை எழுப்பத்தான் உதவும், தீர்க்காது. தீர்க்க அல்ட்ராசவுண்டில் பார்க்கும் கார்பன் பழுதுபார்ப்பவர் வேண்டும்.

முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கைக் கட்டாயம் கழற்றிப் பார்க்க வேண்டும். அதன் மேல்பகுதியான ஸ்டீரர் குழாயில், ஹேண்டில்பாரைத் தாங்கும் ஸ்டெம் பிடித்திருந்த இடமும் அடிப்பகுதியும் வெளியிலிருந்து தெரியாது. அங்கே முறிந்தால் எச்சரிக்கையே இல்லாமல் முறியும், அதன் பிறகு முகம்தான் தரையில் படும். ஹேண்டில்பாரும் ஏரோ நீட்டங்களும் அலுமினியமாக இருந்தாலும் கார்பனாக இருந்தாலும், பலத்த அடி வாங்கியிருந்தால் மாற்றிவிடுங்கள். பிரேக் பிடிகள் உள்ளே திரும்பியிருந்தால் அடி ஹேண்டில்பார் வழியாகத்தான் போயிருக்கிறது என்று பொருள். வளைந்த அலுமினியத்தை நிமிர்த்தக் கூடாது, நிமிர்த்திய இடத்தில்தான் அடுத்து உடையும்.

வலப்பக்கம் விழுந்திருந்தால் கியர் மாற்றும் பின் டீரெய்லரைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் ஹேங்கர் வளைந்திருக்கலாம். கண்ணுக்கு நேராகத் தெரிந்தாலும் நம்பாதீர்கள். மிகப் பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றும்போது டீரெய்லர் ஸ்போக் கம்பிகளுக்குள் போய்விட்டால் சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். சிறு வளைவை ஹேங்கர் அளவுகோலால் சரிசெய்யலாம். பெரிய வளைவுக்குப் புது ஹேங்கர்தான். மின்மோட்டாரில் கியர் மாற்றும் ஷிமானோ டிஐ2 பின் டீரெய்லர் விழுந்த பிறகு கியர் மாறாமல் நின்றால் பழுது என்று முடிவு கட்டாதீர்கள். அடிபட்டதும் தன்னைக் காத்துக்கொள்ள மோட்டார் இணைப்பை விடுவித்திருக்கும். அந்த மாடலின் கையேட்டில் சொல்லியுள்ள பொத்தானை அழுத்திப் பிடித்தால் மீண்டும் இணையும்.

மீதி விரைவாக முடியும். சக்கரத்தைச் சுழற்றி ஆட்டம் பாருங்கள், கார்பன் ரிம்மில் ஸ்போக் நுனிகள் பொருந்தும் நிப்பிள் துளைகளைச் சுற்றிப் பாருங்கள். டயரின் பக்கச் சுவரில் நூல் தெரிந்தால் டயர் போச்சு. பெடல் அச்சு சுழலும்போது தள்ளாடக் கூடாது. சீட்டின் கீழ்க்கம்பிகளில் கீறல், காலணியின் அடியில் பெடலோடு பூட்டும் கிளீட்டில் வெடிப்பு, பிரேக் குழாயில் மடிப்பு இவற்றையும் பாருங்கள். மிதிக்கும் ஆற்றலை வாட்டில் அளக்கும் பவர் மீட்டரைப் பூஜ்யம் செய்து, இடது வலது கணக்கு விபத்துக்கு முன் இருந்ததோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஆனால் கால் காயத்துக்குப் பிறகு ஏற்படும் வேறுபாடு காலிலிருந்தும் வரலாம். போல்ட்டுகளை முறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சில் முறுக்குங்கள். ஸ்டெம் போல்ட்டுகளுக்குப் பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டர், ஆனால் பாகத்தின்மேல் அச்சிட்டிருப்பதே இறுதி. முதல் அரைமணி சவாரிக்குப் பிறகு மறுபடி சரிபாருங்கள்.

பயிற்சியை மறுபடி கட்டுவது

நன்கு பயிற்சி பெற்றவர்கள் முழுதும் நிறுத்தினால் மூன்று வாரத்தில் ஆக்சிஜன் உள்வாங்கும் திறன் சுமார் 7 சதவீதமும், மூன்று மாதத்தில் சுமார் 16 சதவீதமும் குறைந்ததாக 1980களின் நடுப்பகுதியிலேயே அளந்திருக்கிறார்கள். டிரெய்னரில் கொஞ்சம் மிதித்திருந்தால் இழப்பு இன்னும் குறைவு. ஆகவே மூச்சைப் பற்றிக் கவலைப்படுவதைவிடச் சுமையைக் கூட்டும் வரிசையைப் பார்ப்பது பயன் தரும்.

விபத்துக்கு முந்தைய உச்ச வாரத்தை மறந்துவிடுங்கள். முந்தைய இரண்டு மாதச் சராசரி வாரத்தில் பாதியிலிருந்து தொடங்குங்கள். முதலில் நாட்களின் எண்ணிக்கை, பிறகு ஒவ்வொரு நாளின் நேரம், கடைசியாகத் தீவிரம். தீவிரம் முதலில் சைக்கிளில் வரட்டும், அடுத்து நீச்சலில், ஓட்டத்தில் கடைசியாக. நான்காவது வாரம் மூன்றில் ஒரு பங்கு குறையுங்கள். முதல் நான்கு வாரத்தில் சுமார் ஒரு மணி நேரம் தாங்கக்கூடிய உச்ச வாட்டைக் கணக்கிடும் எஃப்டிபி சோதனை வேண்டாம். பழைய வாட் எண்களை வைத்துப் பயிற்சி செய்வது இன்னும் மோசம், ஒவ்வொரு நாளும் தோற்றது போலிருக்கும். மூச்சையும் உணர்வையும் வைத்து ஓட்டுங்கள்.

வேலை குறைந்ததே, எடை ஏறிவிடுமே என்று சாப்பாட்டைக் குறைப்பது இந்தக் காலத்தில் செய்யக்கூடிய மிகப் பெரிய தவறு. எலும்பு கூடுவதற்கு ஆற்றல் வேண்டும். ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 1.6 கிராம் அளவில் புரதம், நான்கைந்து வேளையாகப் பிரித்து. வைட்டமின் டி இரத்தப் பரிசோதனை பார்த்துக் குறைவிருந்தால் மட்டும் மாத்திரை. புகைப்பழக்கம் இருந்தால் எலும்பு கூடுவது தாமதமாகும், சில சமயம் கூடாமலே போகும்.

சாலைக்கு மறுபடி

முதலில் விபத்து ஏன் நடந்தது என்பதற்கு நேர்மையான பதில் வேண்டும். ஏரோபாரில் இருந்துகொண்டே பாட்டில் எடுத்ததாலா, வளைவுக்குள் பிரேக் பிடித்ததாலா, முன்னவர் சக்கரத்தை உரசியதாலா, டயர் காற்று அதிகமாக இருந்ததாலா. காரணம் திறமை என்றால் அந்தத் திறமையைத் தனியே பழக வேண்டும். காரணம் பிறர் வாகனம் என்றால் வழியையும் நேரத்தையும் மாற்ற வேண்டும்.

முதல் வெளிச் சவாரி வாகனமில்லாத, காய்ந்த, சமதளப் பாதையில் 30, 40 நிமிடம். ஏரோபார் இல்லாத சைக்கிள் கிடைத்தால் அதிலேயே போங்கள். பயந்தவர் கை ஹேண்டில்பாரை இறுக்கும். இறுகிய கை சக்கரம் தானாக நேராவதைத் தடுக்கும். அதனால் சைக்கிள் ஆடும், பயம் இன்னும் கூடும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை விரல்களை அசைத்து, முழங்கை மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

வாரம் இரு முறை இருபது நிமிடம் காலி இடத்தில் பழக வேண்டியவை: 15 கிலோமீட்டர் வேகத்தில் தொடங்கி 25 வரை ஏற்றி, இடுப்பைப் பின்னால் தள்ளி, முன் பிரேக்கைப் படிப்படியாக அழுத்தி நிறுத்துதல், கோட்டை விட்டு விலகாமல் இரு தோளுக்கும் மேலாகத் திரும்பிப் பார்த்தல், பாட்டிலை எடுத்துக் குடித்து வைத்தல், வெளிப்பக்கப் பெடலைக் கீழே அழுத்தி, கண்ணை வளைவின் முடிவில் வைத்துத் திரும்புதல். பிரேக் வளைவுக்கு முன்பே முடிந்துவிட வேண்டும். இறக்கத்தில் சைக்கிள் நடுங்கத் தொடங்கினால் முழங்கால்களால் மேல்குழாயை இறுக்கிப் பிடித்து, மெதுவாக வேகத்தைக் குறையுங்கள். இவை எண்ணாமலே வரும்போது ஏரோபாருக்குப் போகலாம். குழுச் சவாரி கடைசி.

விபத்துக் காட்சி திரும்பத் திரும்ப வருவதும், தூக்கம் கெடுவதும், சைக்கிளைப் பார்த்தாலே நெஞ்சு படபடப்பதும் ஒரு மாதத்தைத் தாண்டி நீடித்தால் மனநல நிபுணரிடம் போக வேண்டும். அதற்குத் தேர்ந்த சிகிச்சை உண்டு. மனத்தைத் திடப்படுத்திக்கொள்ளச் சொல்லும் நண்பர்களால் அது தீராது.

முதல் போட்டி

750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம் கொண்ட ஸ்பிரிண்ட் போதும். அகலமான சாலை, அதிக வளைவில்லாத பாதை, ஒருவர் பின் ஒருவராக இறங்கும் நீச்சல் இவற்றைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். சைக்கிளில் கூட்டமாக ஓட்ட அனுமதிக்கும் வகைப் போட்டியைத் தவிருங்கள். ஏற்கெனவே பெரிய போட்டிக்குப் பணம் கட்டியிருந்தால் அதைத் தள்ளிவைக்கும் கடைசித் தேதியை இன்றே பாருங்கள். பலர் அந்தத் தேதி முடிந்த பிறகுதான் "போட்ட பணம் வீணாகிவிடுமே" என்று உடம்பைப் பணயம் வைக்கிறார்கள். 90 கிலோமீட்டர் சைக்கிள் கொண்ட அரை தூரப் போட்டிக்கு, எல்லா அனுமதியும் கிடைத்த பிறகு தடையில்லாத பன்னிரண்டு வாரப் பயிற்சியாவது இருக்க வேண்டும் என்பது எங்கள் கணக்கு.

போட்டியில் இறங்குவதா என்று பதினான்கு நாள் முன்னதாக முடிவெடுங்கள். திறந்த நீரில் போட்டி தூரத்தை நிற்காமல் நீந்தியிருக்க வேண்டும். இரண்டு பேர் பக்கத்தில் உரசி நீந்த, தோளில் தட்டு வாங்கிப் பழகியிருக்க வேண்டும். சைக்கிள் முடித்த உடனே ஓடும் பயிற்சியை மூன்று முறையாவது செய்திருக்க வேண்டும். வெளியில் அவசரப் பிரேக் பதறாமல் வர வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் அந்தப் போட்டி வேண்டாம்.

தோள் காயமென்றால், குளிரைத் தடுத்து மிதப்பும் தரும் இறுக்கமான நீச்சல் உடையான வெட்சூட்டைப் போட்டுப் பழகியிருங்கள், கழற்றியும் பழகியிருங்கள். ஈரக் கையை வெளியே இழுக்கும் அசைவு நீச்சலைவிட மோசமாகத் தோளைத் திருகும். கையில்லாத வெட்சூட் இருந்தால் பிரச்சினை தீர்ந்தது. நல்ல கையை முதலில் விடுவித்து, அதைக் கொண்டு மற்றதைக் கழற்றுங்கள். அயர்ன்மேன் டிரையத்லான் போட்டிகளில், தொழில்முறை அல்லாத வயதுப் பிரிவினர் நீரின் வெப்பம் 24.5 டிகிரி செல்சியஸ் வரைதான் வழக்கமாக வெட்சூட் அணியலாம். மிதப்பை நம்பியிருப்பவர்கள் அது இல்லாமலும் நீந்தத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். நீச்சலில் ஓரமாக, பின்வரிசையில் இறங்குங்கள். சைக்கிளில் ஓடிக்கொண்டே தாவி ஏறுவதை விடுங்கள். சைக்கிளில் ஏற அனுமதிக்கும் கோட்டைத் தாண்டி ஓரமாக நின்று, காலைத் தூக்கிப் போட்டு ஏறினால் இழப்பது சில நொடிதான்.

மருந்துகளில் கவனம் வேண்டும். உலக ஊக்கமருந்து தடுப்பு முகமையின் பட்டியலில் டிரமடால் என்ற வலி நிவாரணி 2024 ஜனவரி 1 முதல் போட்டி நேரத்தில் தடை செய்யப்பட்டது. தோளில் போடும் ஸ்டீராய்டு ஊசியும் 2022 முதல் அப்படியே. ஊசி தேவைப்பட்டால் போட்டிக்கு எவ்வளவு நாள் முன்பு, முன் அனுமதி வேண்டுமா என்று விளையாட்டு மருத்துவரிடம் கேளுங்கள், வயதுப் பிரிவினரும் சோதனைக்கு உட்பட்டவர்களே. தடை இல்லாத இபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளும் போட்டி நாளில் வேண்டாம். உடல் நீர் வற்றியிருக்கும்போது சிறுநீரகத்தைப் பாதிக்கும், இரத்தத்தில் சோடியம் குறையும் அபாயத்தைக் கூட்டும். மாத்திரை போட்டால்தான் தொடக்கக் கோட்டில் நிற்க முடியும் என்றால் போட்டிக்கு நேரம் வரவில்லை.

முடித்த பிறகு 48 மணி நேரம் கவனியுங்கள். இரு பக்கமும் ஒரே மாதிரி வரும் தசைவலி சாதாரணம். பழைய முறிவின்மேல் ஒரு விரலால் சுட்டிக் காட்டக்கூடிய வலி, இரவில் எழுப்பும் வலி, வீக்கம், கையைத் தூக்கும்போது புதிதாக வரும் பலவீனம், மறுபடி தலைவலி: இவற்றில் எது வந்தாலும் அடுத்த பயிற்சிக்கு முன் எக்ஸ்ரேயும் மருத்துவரும். எதுவும் வராவிட்டால் மூன்றாம் நாள் இலகுவான நீச்சல், ஐந்தாம் நாள் ஓட்டம், அடுத்த வாரம் வழக்கமான அட்டவணை.